கால் போத்தல்

கந்தப்பளையில் இரவு பதினொன்றுக்கு
கரட் கழுவும் தண்ணீர் முழங்கை வரை கடிக்கும்.
சாக்கைக் கொட்டுவோம், உருளை சுழலும்,
மண் கழன்று செம்மஞ்சள் வெளியே வரும்.
விடியுமுன் லொறி தம்புள்ளைக்குப் போயாக வேண்டும்.
நாலாயிரம் கிலோ கண்பார்வை
என் கைவழியாக மலையிறங்குகிறது
என்று அப்போது நான் நினைக்கவில்லை.

மரியபுஷ்பத்துக்கு எட்டாம் மாதம்.
முதலில் கோப்பைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றினாள்.
பிறகு லயத்து வாசல் கானுக்குள் கால் வைத்தாள்.
தூக்கக் கலக்கம் என்றாள். நம்பினேன்.
நான் கேட்டதும் தூக்கக் கலக்கத்தில்தான்.
பின்னேரம் மலையிறங்கும்போது
முன்னால் போகும் செல்லத்தாயின் படங்கு
சரசரக்கும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான்
இத்தனை நாளும் வீடு வந்திருக்கிறாள்.
சொன்னால் அரைப்பேர் போட்டுவிடுவார்களாம்.

உயர்தரத்தில் ஒரு வருடம் உயிரியல் படித்து விட்டவன் நான்.
விழித்திரையின் கோல் கலங்களுக்குள்
றெட்டினல் முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கும்,
தேயிலைத் தூருக்கு மேல் குனிந்தவளைப் போல.
ஓர் ஒளித்துணுக்குத் தொட்டால்
சட்டென்று நிமிரும்.
அந்த நிமிர்வுதான் பார்வை.
நிமிர்ந்தது இடம்விட்டுக் கழன்று போகும்,
மறுபடி வளைத்துக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.
போகிற வருகிற வழியில் கொஞ்சம் தொலையும்,
தொலைந்ததை ஈரல் அனுப்பி நிரப்பும்.
இவ்வளவையும் பரீட்சையில் எழுதினேன்.
சரி போட்டார்கள்.

கிளினிக்கில் நிரஞ்சலா மிஸ்
அட்டையில் எழுதியபடியே கேட்டார்:
"பொழுது சாஞ்சா கண்ணு தெரியுதா?"
மரியபுஷ்பம் என்னைப் பார்த்தாள்.
பகல் பதினொரு மணி.
நன்றாகத் தெரிந்திருப்பேன்.
"இல்ல மிஸ்."

ஈரல் ஒரு கணக்கப்பிள்ளை.
இருப்பு இருக்கும்வரை வாய் திறக்காது.
வயிற்றில் இருப்பது
நத்தாருக்கு முன்னமே அட்வான்ஸ் எடுத்துவிட்டது.
அதைக் குற்றம் சொல்ல முடியாது,
அதற்கும் இரண்டு கண் கட்ட வேண்டும்,
மூச்சுப்பைக்கு உள்தோல் நெய்ய வேண்டும்.

"குளுசை ஒன்னு குடுங்க மிஸ்" என்றேன்.
"பெரிய டோஸ் வயித்துப் பிள்ளைக்கு ஆகாது.
சாப்பாட்டுல, கொஞ்சங் கொஞ்சமா.
வீட்டுல கரட் இருக்கா?"
சிரித்துவிட்டேன்.
முறிந்த கரட்டை மடியில் கட்டி வருகிறவன் நான்.
உப்புப் போட்டு அவித்து ரொட்டியோடு தின்கிறோம்.
"எண்ணெய்?"

தேங்காய் விற்கிற விலையில்
எங்கள் சம்பல் வெங்காயச் சம்பல்.
பீற்றா கரட்டீன் தண்ணீரோடு சேராத சாதி.
கொழுப்பில்லாத குடலில் அது
பஸ் வராத சந்தியில் நிற்பதுபோல் நின்றுவிட்டு
நடந்தே வெளியே போய்விடும்.
ஏறினால்தானே
நடுவில் வெட்டி இரண்டு றெட்டினல் ஆக்க
நொதியத்துக்கு ஒரு வேலை?

கால் போத்தல் தேங்காயெண்ணெய்.
கடைக்காரர் கொப்பியில் ஒரு வரி கூடியது.
சட்டி காய்ந்ததும் சீவிய கரட்டைப் போட்டேன்,
ஒரு பிடி பொன்னாங்காணி, நாலு நெத்தலி.
எண்ணெய் மெல்லச் செம்மஞ்சளாகியது.
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.
இத்தனை வருடம் கழுவியிருக்கிறேன்,
தண்ணீருக்கு ஒருநாளும்
அந்த நிறத்தை அது கொடுத்ததில்லை.

ஒரு கிழமை ஒன்றுமில்லை.
இரண்டாம் கிழமையும் கானுக்குக் குறுக்கே
பலகை போட்டு வைத்தேன்.
மூன்றாம் கிழமை ஒரு வியாழன், ஆறரை மணி,
பனி லயத்துக்குள் வந்துவிட்டது,
லைற் இன்னும் போடவில்லை.
வேலைக்குக் கிளம்ப வாசலில் நின்றேன்.
"நில்லுங்க" என்றாள்,
"சட்டையில ரெண்டாவது பொத்தானக் காணோம்."

எத்தனை நாளாய் இல்லையோ அது.
கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தேன்.
அவள் ஊசி தேடப் போனாள்,
சுவரைத் தொடாமல்.